காலைக் கேள்வி: நாட்குறிப்பின் மறந்துபோன ஒரு கிளை

காலையில் எழுந்ததும் வேறெதனையும் தொடாமல் ஒரு கொப்பியை விரித்து, முன்கூட்டியே வகுத்துக்கொண்ட ஒரு கேள்விக்குச் சில வரிகளில் விடை எழுதும் பழக்கம் இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் புத்தகக் கடைகளில் இதற்கென்றே அச்சிட்ட கொப்பிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் தலையில் கேள்வி, கீழே வெற்றுக் கோடுகள். மனநல ஆலோசகர்கள் இதனைச் சொல்கின்றார்கள். அலுவலகப் பயிற்சியாளர்கள் சொல்கின்றார்கள். எனது நண்பர்களின் பேரப்பிள்ளைகளும் சொல்கின்றார்கள். அவர்களுள் அநேகர் இதனை அண்மைக் காலத்து அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று கருதுவதே எனது கவனத்தை ஈர்த்தது. அமெரிக்கா என்பது ஓரளவு சரி. அண்மைக் காலம் என்பதுதான் பொருந்தாது.

நாட்குறிப்பு என்றதும் தமிழர்களாகிய எமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை. 1709இல் பிறந்தவர். 1736 செப்டெம்பரில் எழுதத் தொடங்கி 1761 ஜனவரியில் தாம் மறையும் தறுவாய் வரை எழுதியவர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்தவர். கப்பல்கள் வந்தமை, சரக்கு விலை, ஆளுநர் மாளிகையில் கேட்ட பேச்சு, சகுனம், சாதகம், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறியமை என அவர் எழுதாத பொருள் குறைவு. சென்னை அரசாங்கம் 1904 தொடக்கம் 1928 வரை அதனை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஆயினும் அந்தப் பெருநூலில் பிள்ளையவர்கள் தம்மை நோக்கிக் கேள்வி கேட்பது அரிது. அவருடைய கண் எப்பொழுதும் வெளியே, துறைமுகத்தையும் தர்பாரையும் நோக்கியே நிற்கின்றது. அதே நூற்றாண்டில் உலகின் மறு கோடியில் வேறொரு வகை நாட்குறிப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அதனைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

தன்னைத் தானே விசாரணை செய்தல் என்ற எண்ணம் மிகப் பழையது. உரோமத் தத்துவ ஞானி செனெக்கா, விளக்கு அணைந்து மனைவியும் பேச்சடங்கிய பின்னர், கழிந்த நாள் முழுவதையும் தமது மனத்தின் நீதிமன்றில் நிறுத்தி விசாரிப்பது தமது வழக்கம் என்று கோபம் பற்றிய தமது நூலில் எழுதுகின்றார். அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்திய சக்கரவர்த்தி மார்க்கஸ் ஒரேலியஸ், தன்யூப் நதிக்கரைப் போர் முகாம்களில் இருந்தவாறு கிரேக்க மொழியில் தமக்குத் தாமே குறிப்புகள் எழுதினார். காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாதபோது தமக்கு என்ன சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு. உலகின் பெரும் பகுதியை ஆண்டவருக்கும் விடியற்காலையில் எழுவது சங்கடமாகவே இருந்திருக்கின்றது என்பது ஒரு வகையில் ஆறுதல். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தோற்றுவித்த இக்னேசியஸ் லொயோலா இதனை ஒரு கணக்குப் பதிவாகவே மாற்றினார். 1548இல் அச்சான அவருடைய நூல், காலையில் ஒரு குறித்த குற்றத்தைத் தவிர்க்கத் தீர்மானிக்கவும், மதியமும் இரவும் எத்தனை முறை தவறினோம் என்று எண்ணிக் கோட்டின் மீது புள்ளியிடவும் கற்பிக்கின்றது. அந்தப் புள்ளிகளைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

ஆனால், கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கேள்வி, அதற்குக் காலையிலேயே எழுத்தில் விடை என்ற முறை, நானறிந்தவரை அதன் முழு உருவத்தில் காணப்படுவது பொஸ்டன் நகரத்துக் கொட்டன் மேதரிடம்தான். 1663இல் பிறந்து 1728இல் மறைந்த இவர் பியூரிட்டன் மதகுரு. நூற்றுக்கணக்கான நூல்களையும் பிரசுரங்களையும் எழுதிக் குவித்தவர். இளமை முதலே நாட்குறிப்பு எழுதினார். பியூரிட்டன்களுக்கு அது வெறும் பழக்கமன்று. தாம் இறைவனால் தெரிவு செய்யப்பட்டவரா இல்லையா என்பதை எந்தக் குருவும் சொல்ல முடியாது. தமது உள்ளத்தின் அசைவுகளைத் தாமே கவனித்து அடையாளம் காண வேண்டும். பாவசங்கீர்த்தனக் கூட்டை ஒழித்துவிட்ட சமயத்தினர்க்கு நாட்குறிப்பே அந்தக் கூடாயிற்று.

1710இல் மேதர் நன்மை செய்தல் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கணவனும் மனைவியும், அயலவரும், வைத்தியரும், வழக்கறிஞரும் தத்தம் நிலையில் என்ன நன்மை செய்யலாம் என்று காலையில் சிந்திக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டிலிருந்து அவருடைய நாட்குறிப்பே உருமாறுகின்றது. ஞாயிறு காலைக்குரிய கேள்வி, போதகர் என்ற வகையில் தமது சபைக்கு என்ன செய்யலாம் என்பது. திங்கள் தமது குடும்பத்துக்கு. செவ்வாய் உறவினர்க்கு. இன்னொரு நாள் துன்பப்படும் ஒருவருக்கு. சனிக்கிழமை தமது சொந்த ஆன்மாவுக்கு. ஒவ்வொரு நாளும் விடையின் முன்னால், திட்டமிடப்பட்ட நன்மை என்பதைக் குறிக்கும் 2 எழுத்துகளை இட்டு, கீழே ஓரிரு வரிகள். இன்ன விதவைக்கு விறகு அனுப்ப வேண்டும், இன்ன மகனிடம் இன்ன விடயம் பேச வேண்டும் என்ற மட்டத்திலான சின்னஞ்சிறு காரியங்களே அவற்றுள் மிகுதி. அவர் பிள்ளைகள் 15 பேருள் அவருக்குப் பின் உயிர் வாழ்ந்தோர் 2 பேரே. 1713ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சின்னமுத்து நோய் சில நாள்களுக்குள் அவருடைய மனைவியையும், புதிதாய்ப் பிறந்த இரட்டைக் குழந்தைகளையும், இன்னொரு சிறு மகளையும், வீட்டுப் பணிப்பெண்ணையும் கொண்டுசென்றது. அந்த வாரங்களிலும் குறிப்பு நிற்கவில்லை.

இந்த மனிதரைப் புகழ்ந்துவிட்டுப் போவது இலகு. சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை. 1692இல் சேலம் என்ற ஊரில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட விசாரணைகளை நியாயப்படுத்தி நூலெழுதியவர் இதே மேதர். 1706இல் அவருடைய சபையார் அவருக்கு ஓர் ஆபிரிக்க அடிமையைப் பரிசாக வாங்கிக் கொடுத்தனர். அம்மனிதருக்கு ஒனேசிமஸ் என்று பெயர் சூட்டியவரும் மேதரே. அந்த ஒனேசிமஸ்தான், தமது நாட்டில் பெரியம்மைச் சீழைச் சிறிது தோலில் கீறிச் செலுத்தி நோயைத் தடுக்கும் முறை உண்டு என்பதையும், தமக்கும் அது செய்யப்பட்டதையும் மேதரிடம் கூறியவர். 1721இல் பொஸ்டனில் பெரியம்மை பரவியபோது மேதர் அதனை நினைவிற்கொண்டு வைத்தியர்களை வேண்டினார். சப்டியேல் பொயில்ஸ்டன் என்ற ஒருவர் மாத்திரமே துணிந்தார். அவர் அம்மை குத்திய 240க்கும் மேற்பட்டோரில் 6 பேர் இறந்தனர். நகரில் அந்நோயால் இறந்தோர் தொகை 844. நன்மை எது என்று காலை தோறும் கேட்டவர் அந்த ஆண்டில் உண்மையிலேயே பெரியதொரு நன்மையைச் செய்தார். அந்த அறிவைத் தந்தவரை அடிமையாக வைத்திருப்பது சரியா என்ற கேள்வி மாத்திரம் அவருடைய 7 நாள் அட்டவணையில் எந்த நாளுக்கும் ஒதுக்கப்படவில்லை.

அம்மை குத்துவதை அப்பொழுது மிகக் கடுமையாக எதிர்த்தது ஒரு பத்திரிகை. ஜேம்ஸ் பிராங்க்ளின் என்பவர் 1721 ஓகஸ்டில் தொடங்கிய பொஸ்டன் வாரப் பத்திரிகை அது. மதகுருமாரைத் தாக்கினால் பத்திரிகை விற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். எமது தொழிலின் குணம் 300 ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருடைய அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த தம்பிக்கு வயது 15. மறு ஆண்டு அந்தத் தம்பி, நடுத்தர வயது விதவை ஒருத்தியின் பெயரில் 14 கடிதங்கள் எழுதி, அண்ணனுக்கே தெரியாமல் இரவில் அச்சகக் கதவடியில் போட்டான். நன்மை செய்பவள் என்று பொருள்படும் பெயரை அந்த விதவைக்கு வைத்தது மேதரின் நூலைக் கேலி செய்வதற்காகவே. அந்தச் சிறுவன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின்.

கேலி செய்த பையனே அந்த நூலின் மிகப் பெரிய மாணவனாகியது சரித்திரத்தின் விளையாட்டு. 1784 மே மாதத்தில் பாரிஸ் அருகே பாசி என்ற ஊரிலிருந்து மேதரின் மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் சிறுவனாக இருந்தபோது கிடைத்த அந்த நூலின் கிழிந்த பிரதியே தமது வாழ்நாள் நடத்தைக்கு வழிகாட்டியது என்று பிராங்க்ளின் ஒப்புக்கொள்கின்றார். ஏறத்தாழ அதே காலத்தில் அதே ஊரில் இருந்துதான் அவர் தமது சுயசரிதையின் இரண்டாம் பகுதியையும் எழுதினார். காலைக் கேள்வியின் புகழ்பெற்ற வடிவம் அதிலே வருகின்றது.

பிலடெல்பியாவில் இளம் அச்சகக்காரராக, 1729இல் வாங்கிய பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டார். மிதமான உணவு, மௌனம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, நீதி என்று செல்லும் அப்பட்டியலில் முதலில் 12தான் இருந்தன. அவரிடம் அகந்தை மிகுதி என்று குவேக்கர் நண்பர் ஒருவர் எடுத்துக் காட்டிய பின்னரே பணிவு 13ஆவதாகச் சேர்ந்தது. ஒரு சிறு கொப்பியில் குணத்துக்கு ஒரு பக்கம். நாளுக்கு ஒரு நிரல். தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி. இக்னேசியஸின் புள்ளிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வாரத்துக்கு ஒரு குணத்தை விசேடமாகக் கவனிப்பது, 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு 4 சுற்று. 52 வாரம் சரியாக முடியும்படி கணக்கிட்டிருக்கின்றார். அச்சுத் தொழிலாளியின் மூளை.

கொப்பியின் மற்றொரு பக்கத்தில் 24 மணி நேர அட்டவணை. காலை 5 மணிக்கு எழுதல். எழுந்து முகம் கழுவி வேண்டுதல் முடித்த பின்னர், இன்றைக்குத் தாம் ஆற்றவிருக்கும் நன்மை யாது என்று தம்மை வினவ வேண்டும். இரவில் அதனையே இறந்த காலத்தில் வினவ வேண்டும். அவ்வளவே. மேதரின் 7 கேள்விகள் இங்கே ஒரே கேள்வியின் 2 காலங்களாகச் சுருங்கிவிட்டன. விடை ஆன்ம விமோசனத்துக்காக அன்று, அன்றைய வேலைக்காக. இன்று அச்சிட்டு விற்கப்படும் கொப்பிகள், காலையில் 2 கேள்வி, இரவில் 2 கேள்வி என்று வகுத்திருப்பதெல்லாம் பிராங்க்ளின் போட்ட பாதை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவருடைய தோல்விகளே. பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்து அழித்துக் கொப்பியெங்கும் ஓட்டை விழுந்துவிட்டது. பின்னர் யானைத் தந்தத் தகடுகளில் சிவப்பு மையால் நிரந்தரக் கோடிட்டு, பென்சிலால் புள்ளியிட்டு ஈரப் பஞ்சால் துடைத்தார். ஒழுங்கு என்ற குணம் மட்டும் அவருக்குக் கடைசி வரை வசப்படவேயில்லை. காகிதங்களை அதனதன் இடத்தில் வைக்கத் தெரியாத மனிதர். இதற்கு அவரே ஒரு கதை சொல்கின்றார். கோடரி முழுவதும் அதன் வாயைப் போல மினுங்க வேண்டும் என்று கேட்டவனிடம், நீ சக்கரத்தைச் சுற்று, நான் தீட்டுகிறேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் களைத்துப் போனவன், புள்ளி விழுந்த கோடரியே தனக்கு மிகவும் பிடித்தது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனானாம்.

பிராங்க்ளினும் அடிமைகளை வைத்திருந்தவர். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன, பணமும் வந்தது. நீதி என்ற குணத்துக்குரிய பக்கத்தில் அதற்கென ஒரு புள்ளி விழுந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கின்றேன். ஆயினும் மேதரைப் போல அவர் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 1787இல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790இல், தாம் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னர், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவொன்று அவருடைய கையொப்பத்துடன் அமெரிக்கக் கொங்கிரசுக்குச் சென்றது. காலையில் கேட்ட கேள்வி இறுதியில் அந்த இடத்தையும் தொட்டது என்று சொல்ல ஆசைதான். காலம் மாறியது, சுற்றியிருந்த மனிதர் மாறினர் என்பதே நிதானமான விளக்கமாக இருக்கும். கொப்பியில் தனியே உட்கார்ந்து எழுதுபவனுக்குத் தன் வீட்டுக் கூரை தெரிவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து காட்ட வேண்டியிருக்கின்றது, அந்தக் குவேக்கர் நண்பரைப் போல.

பிராங்க்ளினின் முறை உருசியாவரை சென்றது. இளம் டோல்ஸ்டோய் 1847இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர். 1850களின் தொடக்கத்தில் தமது பலவீனங்களைப் பதிவு செய்யத் தனிக் கொப்பி ஒன்று வைத்து அதற்குப் பிராங்க்ளினின் பெயரையே இட்டிருந்தார். சோம்பல், பொய், தற்பெருமை, சூதாட்டம் எல்லாம் அதில் இடம்பெற்றன. 1862இல் திருமணத்துக்குச் சில நாள் முன்னர், ஒளிவுமறைவு கூடாது என்று கருதித் தமது பழைய நாட்குறிப்புகளை மணப்பெண் சோபியாவிடம் வாசிக்கக் கொடுத்தார். 18 வயதுப் பெண். அந்தப் பக்கங்கள் ஏற்படுத்திய காயம் அந்த வீட்டில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆறவில்லை. தனக்கென எழுதியது பிறர் கண்ணில் படுவதால் நேரக்கூடியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மரபு எமது மண்ணையும் தொட்டது. மேதர் போதித்த அதே நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் 1810இல் உருவான அமெரிக்க மிஷன் சங்கம் 1816இல் யாழ்ப்பாணத்துக்குத் தனது மிஷனரிமாரை அனுப்பியது. தெல்லிப்பழையில் டானியல் பூவர் வந்திறங்கினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை எனப் பணிகள் விரிந்தன. இவர்கள் யாவரும் நாட்குறிப்பு எழுதி வளர்ந்த பரம்பரையினர். உடுவிலில் பாடசாலையை நடத்திய ஹரியற் வின்ஸ்லோ 1833இல் இறந்தபோது, அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து 1835இல் நூலாக வெளியிட்டவர் அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோ. 1862ஆம் ஆண்டுப் பேரகராதியால் தமிழுலகம் அறிந்த அதே வின்ஸ்லோ. உடுவிலில் காலையில் எழுந்து தன் உள்ளத்தைச் சோதித்து எழுதிய ஒரு பெண்ணின் பக்கங்கள் இவ்வாறு அச்சில் இருக்கின்றன. எமது யாழ்ப்பாணச் சரித்திர ஆய்வாளர்கள் மிஷனரிமாரின் கல்விப் பணியைப் பற்றி எழுதிய அளவுக்கு அவர்களது எழுத்துப் பழக்கத்தைப் பற்றி எழுதவில்லை என்பது எனது அபிப்பிராயம்.

ஆங்கிலேய ஆட்சி இலங்கைக்குக் கொண்டுவந்தது வேறொரு நாட்குறிப்பு. அரசாங்க அதிபரும் உதவி அரசாங்க அதிபரும் நாள்தோறும் செய்தவற்றை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இவற்றுள் புகழ்பெற்றவை லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில் எழுதியவை. அதற்கு முன் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் அவர் பணியாற்றியதை மூத்த வாசகர்கள் அறிவர். உப்பு சேகரிப்பு, மாட்டு நோய், நீர்ப்பாசனம், வழக்குகள் யாவும் அந்தக் குறிப்புகளில் துல்லியமாக உள்ளன. அதே ஆண்டுகளில் இலண்டன் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு அவர் எழுதிய கடிதங்களோ தனிமையாலும் கசப்பாலும் நிறைந்தவை. அரசாங்கம் கேட்டது நீ என்ன செய்தாய் என்பதை. நண்பர் கேட்டது எப்படி இருக்கிறாய் என்பதை. ஒரே மனிதர், ஒரே மேசை. கேள்வி எதுவோ அதற்கேற்ற விடையே பேனையிலிருந்து இறங்குகின்றது. 1912இல் அவர் பதவி துறந்தார்.

20ஆம் நூற்றாண்டில் சமயம் விலகி உளவியல் வந்தமர்ந்தது. இங்கிலாந்தில் மரியன் மில்னர் என்ற பெண்மணி 1926இல் தமக்கு உண்மையில் மகிழ்ச்சி தருவது எது என்ற ஒரே கேள்வியுடன் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1934இல் புனைபெயரில் அதனை நூலாக்கினார். அவர் கண்டுகொண்டது, தமக்கு மகிழ்ச்சி தரும் என்று தாம் நம்பியவை வேறு, கொப்பி காட்டிய விடயங்கள் வேறு என்பதே. அதே 1934இல் அமெரிக்காவில் டொரோதியா பிராண்ட், எழுத்தாளராக விரும்புவோர் வழமையைவிட அரை மணி நேரம் முந்தி எழுந்து, எவரோடும் பேசாமல், காலைப் பத்திரிகையையும் பார்க்காமல் எழுத வேண்டும் என்று அறிவுறுத்தினார். காலைப் பத்திரிகையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இது சற்றுக் கசப்பான அறிவுரை. ஆனால் காரணம் சரியானது: மற்றவர்களின் சொற்கள் தலைக்குள் நுழைய முன்னர் தனது சொற்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1992இல் ஜூலியா கெமரன் காலையில் 3 பக்கம் கையால் எழுதச் சொன்னது இதன் தொடர்ச்சியே.

இதனால் பயன் உண்டா? 1986இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 46 மாணவர்கள், நாளுக்கு 15 நிமிடமாகத் தொடர்ந்து 4 நாள் எழுதினர். சிலர் அற்ப விடயங்களை. சிலர் தமது வாழ்வின் கொடிய அனுபவங்களை. நடந்ததையும் அதனால் தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே முன்னிலும் மனம் நொந்திருந்தார்கள். ஆனால் பின்வந்த மாதங்களில் பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்கு அவர்கள் சென்றது குறைவு. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் நடந்தன. 2006இல் அவற்றுள் 146ஐத் தொகுத்து நோக்கிய ஆய்வு, பயன் உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியது என்று கண்டது. விற்பனைக் கொப்பிகளின் அட்டையில் இந்த இரண்டாவது பாதி அச்சிடப்படுவதில்லை. மேலும் அந்த ஆய்வு 4 நாளைக்குரியது. வாழ்நாள் முழுவதும் காயத்தைக் கிளறச் சொன்னதன்று.

எமது மக்களுக்கு இந்த விடயத்தில் தனியானதொரு தடை இருந்தது. நாட்குறிப்பு எழுதுவது பாதுகாப்பான காரியமாக எமக்கு இருக்கவில்லை. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பின்னரான நீண்ட காலத்தில், சட்டைப் பையில் உள்ள டயரியில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் இருந்தாலே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாப் பக்கங்களிலிருந்தும் அச்சம் இருந்தது. ஒரு தரப்பை மட்டும் சொல்வது நேர்மையாகாது. செய்தியாளர்களாகிய நாம் பெயர்களை எழுதாமல் மனத்தில் வைக்கப் பழகினோம். எனது அக்காலக் குறிப்புகளில் மனிதர்கள் முதலெழுத்துகளாகவே நடமாடுகின்றார்கள். இன்று வாசிக்கும்போது சில எழுத்துகள் யாரைக் குறித்தன என்பதற்கு என்னிடம் விடையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, மழையில் நனைந்தபடி செம்மணி வழியே நடந்தவர்கள் கையில் எடுத்தவை நகை, அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள். டயரிகளை எடுத்துச் சென்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்து யூதப் பேராசிரியர் விக்டர் கிளெம்பரர் ஹிட்லரின் 12 ஆண்டுகளிலும் நாட்குறிப்பை நிறுத்தவில்லை. எழுதிய தாள்களை அவருடைய மனைவி சிறிது சிறிதாகப் பிர்னா என்ற அயலூரில் இருந்த வைத்தியத் தோழியிடம் கொண்டுபோய் ஒளித்தார். கண்டுபிடிக்கப்பட்டால் தாம் மாத்திரமன்றித் தாளில் பெயர் வரும் ஒவ்வொருவரும் அழிவர் என்பது அவருக்குத் தெரியும். அவர் 1960இல் மறைந்தார். குறிப்புகள் 1995இல் வெளியாகின. அவர் எழுதியது சரியா என்று நான் பலமுறை சிந்தித்ததுண்டு. பிறரின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை சாட்சிக்கு உண்டா என்ற கேள்விக்கு, அந்நூலை வாசித்து நன்றியுணர்வு கொண்ட பின்னரும் என்னால் முடிவு சொல்ல இயலவில்லை. எமது ஊரில் எரித்தவர்களையும் கிணற்றில் போட்டவர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன்.

இப்பொழுது அந்தத் தலைமுறையினர் 70களிலும் 80களிலும் இருக்கின்றனர். பலர் வெளிநாட்டில், குளிர்காலத்தில் விடியும் முன்னரே விழித்து, பிள்ளைகள் வேலைக்குப் போகும் வரை படுக்கையில் காத்திருக்கின்றார்கள். அவர்களுக்குக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்து, நினைப்பதை எழுதுங்கள் என்று சொல்வதில் பயனில்லை என்பதைக் கண்டிருக்கின்றேன். வெற்றுத் தாள் அவர்களைப் பயமுறுத்துகின்றது. உங்கள் மனத்தில் உள்ள வேதனை என்ன என்று கேட்டாலும் பேனை நகராது; சிலருக்கு அது கேட்கவும் கூடாத கேள்வி. ஆனால் உங்கள் வளவின் தெற்கு வேலியில் நின்ற மரங்கள் எவை என்று கேட்டால் பக்கம் நிறைகின்றது. பூவரசில் தொடங்குபவர், அந்த வேலிக்கு அப்பால் குடியிருந்தவரிடம் தாமாகவே வந்து சேர்கின்றார். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவர் விருப்பம்.

மேதரின் அட்டவணையை அவருடைய சமயத்தை நீக்கிவிட்டு இவர்களுக்காக மாற்றியமைத்துப் பார்த்தேன். திங்கள்: எங்கள் வீட்டுக் கிணற்றைத் தோண்டியவர் யார்? செவ்வாய்: எனக்கு முதல் எழுத்துச் சொல்லித் தந்தவரின் குரல் எப்படி இருந்தது? புதன்: நான் கடைசியாகப் பூட்டிய கதவின் திறப்பு இப்பொழுது எங்கே? வியாழன்: எனக்கு உதவிய, என் இனத்தைச் சேராத ஒருவர். வெள்ளி: என்னிடம் உதவி கேட்டு நான் கொடுக்காத ஒருவர். ஞாயிறு: இன்றைக்கு யாருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்? சனிக்கிழமையை வெறுமையாக விட்டேன். அந்த நாளுக்குரிய கேள்வியை வீட்டில் இன்னொருவர், கூடுமானால் ஒரு பேரப்பிள்ளை, எழுதிக் கொடுக்க வேண்டும். எண்பதைத் தாண்டிய எனது நண்பர் ஒருவருக்கு அவருடைய 9 வயதுப் பேத்தி முதல் சனிக்கிழமை எழுதிக் கொடுத்தது: தாத்தா, நீங்கள் ஓடிவரும்போது நாயை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள்? அந்த விடை 3 சனிக்கிழமைகளுக்கு நீண்டதாக அவர் எனக்குச் சொன்னார்.